கவச உடை: தடை யாருக்கு, கேள்வி யாரிடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வன்முறைக் குற்றவாளிகள் குண்டு துளைக்காத உடை வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2002 முதலே சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2022 மே மாதம் பஃபலோ நகரக் கடையில் பத்துப் பேரைக் கொன்றவன் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். பேசாமல் போலீசுக்கு மட்டும் விற்கச் சொன்னால் என்ன?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வன்முறை சார்ந்த கடுங்குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவரை மட்டுமே 2002 சட்டம் தடுக்கிறது. பஃபலோ கொலையாளிக்கு வயது 18. அப்படி ஒரு தீர்ப்பு அவன்மேல் இல்லை.

கவசம் அணிந்தவர்களால் கொல்லப்பட்ட இரண்டு காவலர்களின் பெயரில் வந்த சட்டம் அது: 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கெல்ஃப், 1997இல் அலபாமாவில் கிறிஸ் மெக்கர்லி. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. தொழிலுக்குத் தேவை என்று முதலாளி முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் விலக்கு உண்டு. சட்டத்தின் ஓட்டை, கவசம் விற்கப்படும் இடத்தில் இருக்கிறது. துப்பாக்கிக் கடைக்கு உரிமம் வேண்டும், வாங்குபவரை எஃப்.பி.ஐ.யின் குற்றப் பதிவேட்டில் சரிபார்க்கவும் வேண்டும். கவச உடைக்கு மத்தியச் சட்டத்தில் இரண்டும் கிடையாது. கடைக்காரரே விரும்பினாலும் அந்தப் பதிவேடு அவருக்குத் திறக்காது. அதனால் வேறு வழக்கில் வீட்டைச் சோதனை போடும்போது அலமாரியில் ஜாக்கெட் அகப்பட்டால் கூடுதலாகச் சேர்க்கும் குற்றச்சாட்டாகவே இந்தச் சட்டம் பெரும்பாலும் பயன்படுகிறது.

நியூயார்க் மாநிலம் நீங்கள் சொன்னதைத்தான் செய்தது. பஃபலோவுக்கு அடுத்த மாதமே, போலீஸ், ராணுவம், அரசு பட்டியலிடும் சில தொழில்கள் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆனால் கவசம் எது என்பதற்குத் தண்டனைச் சட்டத்தில் கிடந்த பழைய விளக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். குறைந்தது ஏழு அடுக்குள்ள மென்கவசம். நொடிக்கு 850 அடி வேகத்தில் வரும் .38 கைத்துப்பாக்கியின் 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) ஈயத்தோட்டா மூன்றைத் தாங்க வேண்டும். கெவ்லார் போன்ற துணிக்கு இது பொருந்தும். பஃபலோ கொலையாளி போட்டிருந்ததோ எஃகுத் தகடு! காவலாளி ஆரோன் சால்ட்டர் சுட்ட குண்டை நிறுத்தியது அந்தக் கவசம்தான். எதற்காகச் சட்டம் வந்ததோ அந்தப் பொருளே அதில் இல்லை. ஜூலையில் திருத்தித் தகடுகளையும் சேர்த்தார்கள்.

சரி, அதிகாரபூர்வத் தரத்தைச் சட்டத்தில் எழுதிவிடலாமா? என்.ஐ.ஜே. (அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனம்) 2008இல் வகுத்த தரத்தில் மூன்று-ஏ நிலைக் கவசம் .44 மேக்னம் வரை கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கும். மூன்றாம் நிலைத் தகடு 7.62 மி.மீ. ரைபிள் குண்டு ஆறைத் தாங்கும். நான்காம் நிலை, கவசம் துளைக்கும் .30-06 ரைபிள் குண்டு ஒன்றை. சோதனையில் கவசத்துக்குப் பின்னால் வைக்கும் களிமண்ணில் குழிவு 44 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இவை சோதனைக்கூடத்துக்கான அளவுகள். வைத்திருப்பவனுக்குத் தன் ஜாக்கெட் எதில் தேறியது என்று எப்படித் தெரியும்? கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் இதைக் கேட்டுத்தான், வன்முறைக் குற்றவாளிகள் கவசம் வைத்திருக்க அந்த மாநிலம் போட்ட தடையைச் செல்லாதென்றது. அடுத்த ஆண்டே, குண்டை எதிர்க்கும் பொருளால் ஆனது, அணிபவரைக் காக்கும் நோக்கம் கொண்டது என்று எளிமையாக எழுதிச் சரிசெய்தார்கள். பொருளின் பெயரை விட்டு அதன் வேலையைச் சொல்லும் இந்த வழிதான் சரி.

போலீசுக்கு மட்டும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆம்புலன்ஸ் ஊழியர், இரவுக் காவலாளி, கலவரத்துக்குள் போகும் நிருபர் என்று விலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். விட்டுப்போனவர் அலைய வேண்டும். கனெக்டிகட் போல நேரில்தான் விற்க வேண்டும் என்பதும், துப்பாக்கிக்கு இருப்பதுபோல் பதிவேட்டுச் சோதனையும் சேர்ந்தால் போதும் என்பேன்.

போலீசுக்கு மட்டும் விற்றாலும் சிக்கல் தீராது. போலீஸ் கவசத்திலும் கோளாறு வரும், அது பழையதும் ஆகும். ஜாக்கெட்டில் பயன்பட்ட ஸைலான் என்ற செயற்கை இழை ஈரத்திலும் வெப்பத்திலும் வலுவிழந்தது. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு காவலரின் ஜாக்கெட்டைக் குண்டு துளைத்தது, 2005இல் என்.ஐ.ஜே. அந்த இழைக்கு அங்கீகாரத்தை நிறுத்தியது. பொதுவாக ஜாக்கெட்டுக்கு உத்தரவாதம் ஐந்து ஆண்டு. 1998 முதல் மத்திய அரசு விலையில் பாதி வரை தருகிறது, ஆகவே புதியது வந்துவிடும். கழித்த பழையதை எண் குறித்து, உள்ளிருந்து குண்டைத் தடுக்கும் பலகத்தை வெட்டி அழிக்க வேண்டும். உறையைக் கிழித்தால் மட்டும் போதாது. பலகம் முழுதாக வெளியே போனால், ஐந்து வருடம் தாண்டியும் கைத்துப்பாக்கிக் குண்டை அது நிறுத்தக்கூடும்.