1969 பீட்டில் சூடாவது பற்றி
நண்பரே, புதிதாக வாங்கிய 1969 பீட்டிலில் அரை மணி ஓட்டினாலே இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பின்மூடியைத் திறந்து, இன்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை முழுதாக இருக்கிறதா பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் இந்தக் காரில் ரேடியேட்டரே வைக்கவில்லை, காற்றுதான் எல்லாம். பட்டை கிழிந்திருந்தால், கீழே சைலன்சர் பக்கத்துச் சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும்.

அப்புறம் மூன்றாவது சிலிண்டர். உங்கள் மாடலில் ஆயில் கூலர் அதற்குப் போகும் காற்றை மறித்து நிற்கிறது. 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்தார்கள். உங்கள் வண்டியில் அந்தச் சிலிண்டர் அதிகம் சூடாவதால் அதன் வால்வு இடைவெளியை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, 0.15 மி.மீ. வைத்துச் சரிபாருங்கள். ஆயில் 2.5 லிட்டர்தான், ஃபில்டரும் கிடையாது, வலை மட்டுமே. 5000 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள்.

ஓடும்போது ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஜெனரேட்டரும் ஃபேனும் ஒரே பெல்ட்டில் சுழல்கின்றன, அது அறுந்தால் இன்ஜினுக்குக் காற்றும் நின்றுவிடும். அருமையான வண்டி, இதற்காக விற்றுவிடாதீர்கள்.