தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் இளநிலைப் படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

அகமதாபாத்தில் 1961-இல் மத்திய அரசு நிறுவிய கல்லூரி இது. ஒரு பொருள் பயன்படுத்துபவருக்கு எப்படி அமைய வேண்டும் என்று யோசித்து உருவாக்குவதே வடிவமைப்பு. செம்பைப் பாருங்கள்: குறுகிய கழுத்து விரல்களுக்குப் பிடி, விரிந்த விளிம்பு நீரைச் சீராக ஊற்ற, அழகு அதற்குப் பிறகுதான். நிறுவனம் உருவாக வழிவகுத்த 1958-ஆம் ஆண்டு அறிக்கையில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி வியந்து எழுதியதும் 'லோட்டா' எனப்படும் இதே செம்பைப் பற்றித்தான்!

இளநிலைப் படிப்பான பி.டெஸ். நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு எல்லோருக்கும் பொது. துணி, அறைகலன், பீங்கான், அனிமேஷன் போன்ற துறைகள் பின்னர்தான். கண்ணும் கையும் பழகாமல் துறைக்குள் நுழைந்தால் மென்பொருள் வசப்படும், கவனிக்கும் பழக்கம் வராது. இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

ஓவியத் திறமை இருந்தால் போதும் என்பதும், பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு கட்டாயம் என்பதும் தவறு. எந்தப் பிரிவு மாணவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம்.