பதில்: மால்டி-டாஃபில் தட்டின் ஓரத்தில் நிறை தள்ளிப்போவது

மால்டி-டாஃபில் (லேசரால் அயனியாக்கி, பறக்கும் நேரத்தை வைத்து நிறை அளக்கும் கருவி) 1500 டால்டன் (அணு நிறை அலகு) பெப்டைட், சாம்பிள் தட்டின் நடுவில் சரியாகவும் ஓரத்தில் 0.2 டால்டன் கூடியும் வருகிறது, ரிஃப்ளெக்ட்ரான் மோடில் (அயனிகளை மின்புலத்தால் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும் முறை) ஓட்டியும் மாறவில்லை என்கிறீர்கள். மாறாதுதான். ஒரே நிறையுள்ள அயனிகளுக்குள் இருக்கும் ஆற்றல் வேறுபாட்டைத்தான் ரிஃப்ளெக்ட்ரான் சரிக்கட்டும். தட்டு சற்றே சாய்ந்திருந்தால் அதற்கு ஒன்றும் செய்யாது.

நிறை, பறக்கும் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் நேரத்தில் வரும் பிழை நிறையில் இரட்டிப்பாகும். உங்கள் 0.2 என்பது நேரத்தில் வெறும் 0.007 சதவீதம். தட்டு மேடுபள்ளமாக இருந்தாலோ மேட்ரிக்ஸ் (லேசரை உறிஞ்ச சாம்பிளோடு கலக்கும் பொருள்) படிகம் தடிமனாகக் காய்ந்தாலோ போதும், இவ்வளவு வந்துவிடும். முதலில் தட்டைக் கழற்றி, அடியில் தூசி இருக்கிறதா பார்த்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். அப்புறம் சாம்பிள் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளியிலேயே கேலிப்ரேஷன் (நிறை தெரிந்த பொருளை வைத்து அளவைச் சரிசெய்வது) செய்யுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நிறை தெரிந்த பெப்டைட்களான சப்ஸ்டன்ஸ் பி (1347.7), ஏசிடிஹெச் 18-39 (2465.2) இரண்டையும் சாம்பிளோடு மிகக் குறைவாகக் கலந்துவிடுங்கள். உங்கள் பீக் (சிக்னல் முகடு) இரண்டுக்கும் நடுவில் விழும். அளவு கூடினால் அவையே சிக்னலை விழுங்கிவிடும்.

லேசர் சக்தியையும் பீக் தெரியத் தொடங்கும் அளவுக்குச் சற்று மேலே மட்டும் வையுங்கள். பலர் ஏற்றிவைத்துவிட்டுக் கருவியைத் திட்டுகிறார்கள்.

உங்கள் பீக்கைவிட 22, 38 டால்டன் கூடுதலாகத் தெரியும் பீக்குகள் வேறு கதை: பெப்டைடில் ஒட்டிய சோடியம், பொட்டாசியம். சி18 டிப்பில் (பெப்டைடைப் பிடித்துவைத்து உப்பைக் கழுவிவிடும் பிப்பெட் முனை) உப்பு நீக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.