ஹவாய் மக்கள்தொகை: நான்கு கவுண்டிகளைக் கூட்டினால் 82 பேர் குறைவது ஏன்?

விடுபட்ட அந்த 82 பேரும் ஐந்தாவது கவுண்டியான (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கலவாவோவில் இருக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் மாநில மொத்தம் 14,55,271. நீங்கள் கூட்டிய நான்கும் சேர்ந்து 14,55,189.

உங்கள் பட்டியல் மேயர் உள்ள கவுண்டிகளை மட்டும் எடுத்திருக்கும். கலவாவோவுக்கு மேயரும் இல்லை, மன்றமும் இல்லை. மாநிலச் சுகாதாரத் துறைதான் நிர்வாகம். மொலக்காய் தீவின் வடகரையில், 1866 முதல் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்த இடம் அது. கட்டாயத் தனிமை முடிந்தது 1969-ல்தான். அதன் பிறகும் சிலர் அதையே வீடாக நினைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். சின்ன எண்தானே என்று தயவுசெய்து அட்டவணையில் கலவாவோவின் வரிசையை நீக்கிவிடாதீர்கள்.

சரிபார்க்க, மூலக் கோப்பில் 15005 என்ற கவுண்டிக் குறியீட்டைத் தேடுங்கள். அங்கே இருந்தால், அட்டவணைகளை இணைக்கும்போது விடுபட்டிருக்கிறது. பக்கத்துக் கவுண்டியான மவுயியோடு (15009) சேர்க்க வேண்டாம். அதன் 1,64,754-ல் இவர்கள் இல்லை.

ஒரு எச்சரிக்கை: 2020-ல் தனியுரிமைக்காக, மாநிலத்துக்குக் கீழுள்ள எண்களைச் சற்றே மாற்றித்தான் வெளியிட்டார்கள். அதனால் 2010-ன் 90-ஐயும் இந்த 82-ஐயும் வைத்து வளர்ச்சி விகிதம் போடாதீர்கள்.