கதவுதான் பானை

கேள்வி: என் காரில் கம்பெனியிலிருந்து வந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, நான்கு கதவுகளிலும் நடுவிலேயே சின்ன ட்வீட்டர் வைத்த ஆறரை இஞ்ச் கோஆக்சியல் ஸ்பீக்கர் போட்டேன். ஒவ்வொன்றிலும் 300 வாட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. ஸ்டீரியோ பழையதுதான். இப்போது குரலும் வயலினும் நன்றாகக் கேட்கின்றன, ஆனால் பேஸ் முன்பு இருந்த அளவுக்குக்கூட இல்லை. டிக்கியில் பேஸுக்கென்றே இருக்கும் பெரிய சப்வூஃபர் வைத்தால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். பிள்ளைகளோடு ஊருக்குப் போனால் டிக்கி முழுக்க பைகள். நான் ஏமாந்துவிட்டேனா சார்?
— வாசகர், திருப்பூர்

பதில்: ஏமாறவில்லை. நீங்கள் வாங்கியது நல்ல ஸ்பீக்கராகவே இருக்கலாம், அதை மாட்டிய விதத்தில்தான் எனக்குச் சந்தேகம். சப்வூஃபருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன்பு, செலவே இல்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள்.

பேஸ் நிறைய உள்ள, உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஸ்டீரியோவில் ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளிவிட்டு, பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் கொண்டுபோங்கள். அப்புறம் மெல்ல நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும்போது பேஸ் கூட வேண்டும். நடுவுக்கு வர வர அது குறைந்தால், ஒரு கதவில் பிளஸ் மைனஸ் வயர் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, காற்றை வெளியே தள்ளும் நேரத்தில் இன்னொன்று உள்ளே இழுக்கும், இரண்டு காற்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் சுரங்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படாது, பேஸ் மட்டும் காணாமல் போகும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அப்படியே இதுதான். பின்கதவுகளையும் இதேபோல் பாருங்கள். கடைசியில் பேலன்ஸை நடுவில் வைத்து, ஃபேடரைப் பின்னாலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தும் கேளுங்கள். வயர்களை இணைக்கும் கப்ளர் போடாமல் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிய வேலைகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. சரிசெய்ய அரைமணி நேரம் போதும்.

அதோடு ஸ்டீரியோவின் செட்டிங்ஸையும் ஒருமுறை பாருங்கள். ஹை பாஸ் ஃபில்டர் 100 ஹெர்ட்ஸிலோ 120 ஹெர்ட்ஸிலோ இருந்தால், அதற்குக் கீழுள்ள பேஸ் எல்லாம் ஸ்பீக்கருக்குப் போகாமலே வடிகட்டப்படுகிறது. சப்வூஃபர் இல்லாத காரில் அதை 50, 60 அளவில் வைத்தால் போதும்.

வயரும் செட்டிங்கும் சரியாக இருந்தும் பேஸ் இல்லையா? அப்போது கதவைத்தான் பார்க்க வேண்டும். கேசட் காலத்தில் நம் வீடுகளிலும் டீக்கடைகளிலும் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்திருந்தது நினைவிருக்கிறதா? கையில் பிடித்தால் கீச்சென்று கத்திய ஸ்பீக்கர், பானையில் ஏறியதும் கும்மென்று பேசியது. கோனின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் காற்றை உறிஞ்சுகிறது. இரண்டும் கலந்துவிட்டால் பேஸ் செத்துவிடும். பானை அந்த இரண்டையும் பிரித்து வைத்தது. காரில் அந்தப் பானை உங்கள் கதவுதான்.

ஆனால் அது ஓட்டைப் பானை. டோர் பேடைக் கழற்றினால், உள்தகட்டில் கைநுழையும் அளவுக்குத் துளைகள் தெரியும். பல கார்களில் அவற்றின் மேல் வெறும் பிளாஸ்டிக் பேப்பர்தான் ஒட்டியிருக்கும். சில கார்களில் கம்பெனி ஸ்பீக்கர் அந்தக் கதவுக்கென்றே அளவெடுத்த பிளாஸ்டிக் கூட்டோடு வரும், அதனால் தகட்டோடு ஒட்டி உட்காரும். நாம் வாங்கும் புதிய ஸ்பீக்கருக்கு ஒரு ரிங் வைத்து ஸ்க்ரூ முடுக்குவார்கள். அந்த ரிங்கைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே பேஸில் பாதி போய்விடும். ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் முன்விளிம்புக்கும் டோர் பேடுக்கும் நடுவிலும் ஒரு ஃபோம் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் காருக்குள் வராமல் பேடுக்குப் பின்னாலேயே சுற்றும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் ரிங் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது இயல்பு, அந்தப் பலகை ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் ரிங் நல்லது. மாட்டும் முன்பு கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கவில்லையா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். விரல் முட்டியால் கதவின் வெளித்தகட்டைத் தட்டுங்கள், டங்கென்று அதிரும். ஸ்பீக்கரின் சக்தியில் ஒரு பகுதி அந்தத் தகட்டை ஆட்டியே வீணாகிறது. அலுமினியம் மேல்பூச்சுள்ள 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை, பிசுக்குப் போகத் துடைத்த தகட்டில் ரோலர் வைத்து அழுத்தி ஒட்டினால் டங் என்பது டொக் ஆகும். முழுத்தகட்டையும் மூட வேண்டியதில்லை, ஸ்பீக்கருக்கு நேர்பின்னாலும் நடுப்பரப்பிலும் ஒட்டினால் போதும். அப்புறம் உள்தகட்டின் பெரிய துளைகளை மூடுங்கள், லாக் கம்பிகள் சிக்காமல். விலை குறைவு என்று தார் ஷீட் வேண்டாம், நம் வெயிலில் உருகி நாறும். முன்கதவு இரண்டுக்கு மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள், பின்கதவுகளில் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம். டயர் இரைச்சலும் குறையும். ஓடும் காரில் பேஸை விழுங்குவது அந்த இரைச்சல்தான் என்பதால் இது இரட்டை லாபம்.

ஒரு எச்சரிக்கை. கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்ன வடிகால் துளைகளை மூடிவிடாதீர்கள். என் முதல் காருக்கு நானே ஷீட் ஒட்டியபோது அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டேன். ஐப்பசி மழையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் தளும்பியது. துரு பிடித்த பிறகுதான் காரணம் புரிந்தது.

இனி அந்த 300 வாட்ஸ். அது நொடிப்பொழுது தாங்கும் உச்ச அளவு. அட்டைப்பெட்டியில் ஆர்.எம்.எஸ். என்று தேடினால் 40, 50 என்று இருக்கும். தொடர்ந்து தாங்கும் அளவு அது, அதுதான் உண்மைக் கணக்கு. உங்கள் ஸ்டீரியோ எவ்வளவு தருகிறது என்பது அதைவிட முக்கியம். இன்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அதை அப்படியே வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தள்ளக்கூடியது ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் சுமார், ஸ்டீரியோவின் மேல் 50×4 என்று எழுதியிருந்தாலும். கம்பெனி ஸ்பீக்கரின் லேசான பேப்பர் கோன் அந்தக் கொஞ்ச சக்தியிலேயே ஆடிவிடும். புதியதன் கோன் கனமாகவும் பிடிப்பாகவும் இருந்தால் அசைய யோசிக்கும். ஈக்வலைசரில் பேஸை ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். 3 டெசிபல் ஏற்றினால் இரண்டு மடங்கு சக்தி வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. ஸ்டீரியோவிடம் அது இல்லாதபோது சத்தம் கிழியும், நாளடைவில் மேல் சுரங்களைப் பாடும் ட்வீட்டர் போகும். கதவு வேலை முடிந்தும் போதவில்லை என்றால் சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வாங்கி முன் ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். பழைய ஸ்டீரியோவில் ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்சிஏ பின் இல்லாவிட்டால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ளதாகப் பாருங்கள்.

கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கதவு ஸ்பீக்கர் என்னதான் செய்தாலும் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது, அது நெஞ்சில் படவேண்டும் என்றால் சப்வூஃபர்தான் வழி. அதற்காக டிக்கியை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆம்ப் உள்ளேயே அடங்கிய 8 இஞ்ச் அண்டர்சீட் சப்வூஃபர் முன்சீட்டின் கீழ் போகும், சீட்டுக்கு அடியில் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். அதிலே கீழ் சுரங்களை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், ஸ்டீரியோவின் ஹை பாஸையும் 80க்கு ஏற்றிவிடுங்கள். கதவு ஸ்பீக்கர்களின் பாரம் குறைந்து குரல் இன்னும் தெளியும். சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்துக் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

சப்வூஃபருக்குப் பேட்டரியிலிருந்து நேராக வரும் வயரில், பேட்டரியை ஒட்டி ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்புக்கும் இது பொருந்தும். வயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃப்யூஸ் ஒன்றுதான். வேலை முடிந்ததும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, உங்கள் கண்ணால் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.