மதுரை வெயிலில் ஓடும் டர்போ காருக்கு எஞ்சின் வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும்?

ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றிச் சக்தி கூட்டிய, டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறீர்கள். கம்பெனி போட்டுத் தந்த 88 டிகிரி தெர்மோஸ்டாட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு) மாற்றி 82 டிகிரி போடலாமா, 71 டிகிரி போடலாமா, அல்லது உங்கள் மெக்கானிக் சொல்வதுபோல் மதுரை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை என்று கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வகைக் கார்களை இந்த ஊரில் டியூன் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடும்போது கூலன்ட் 85 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள்ளும், ஆயில் 95 முதல் 115 டிகிரிக்குள்ளும் நின்றால், உங்கள் எஞ்சினுக்கு அதுவே சரியான வெப்பநிலை. 82 டிகிரி தெர்மோஸ்டாட் சில நிபந்தனைகளோடு ஏற்கத்தக்கது. 71 டிகிரி தினமும் சாலையில் ஓடும் காருக்கு ஆகாது. கழற்றிவிடும் யோசனை இம்மூன்றிலும் மோசமானது.

தெர்மோஸ்டாட் எஞ்சின் எந்த அளவுக்குக் கீழே குளிரக் கூடாது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. எந்த அளவுக்கு மேலே சூடாகக் கூடாது என்பது அதன் வேலையே இல்லை. அதன் உள்ளே இருக்கும் மெழுகு குறித்த வெப்பத்தில் உருகி விரிந்து வால்வைத் திறக்கத் தொடங்கும். 82 என்று எழுதியிருந்தால் 82இல் திறக்கத் தொடங்கி, ஏறத்தாழ 95இல்தான் முழுவதும் திறக்கும். முழுவதும் திறந்த பிறகு 71, 82, 88 எல்லாம் ஒன்றுதான். அதற்கு மேல் பொறுப்பு ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் வாட்டர் பம்புக்கும் உரியது. கோரிப்பாளையம் சிக்னலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும் காரில் காற்றோட்டம் ஃபேனால் மட்டுமே கிடைக்கிறது. அந்த ஃபேன் 98 டிகிரியில்தான் ஓடத் தொடங்கும் என்று எஞ்சின் கணினியான ஈ.சி.யூ.வில் எழுதப்பட்டிருந்தால், எந்தத் தெர்மோஸ்டாட்டைப் போட்டிருந்தாலும் கூலன்ட் 98 வரை ஏறித்தான் தீரும். ஃபேன் அமைப்பை மாற்றாமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றியவர்கள் ‘ஒரு வித்தியாசமும் தெரியவில்லை’ என்று சொல்வதன் காரணம் இதுதான்.

வெயில் ஊரில் எஞ்சினைக் குளிர்ச்சியாக ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதுதான், ஆனால் கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. ஒரு ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்டுக்கும் உள்ளே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் இருக்கும். கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரி என்று கொள்வோம். கூலன்ட் 95இல் இருந்தால் வேறுபாடு 55. அதே கூலன்டை 75இல் வைத்திருக்க விரும்பினால் வேறுபாடு 35 மட்டுமே. அதாவது அதே எஞ்சின் அதே வேகத்தில் தரும் அதே வெப்பத்தை வெளியேற்ற, ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான திறனுள்ள ரேடியேட்டர் வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர் இருப்பதையும், தார்ச்சாலைக்கு மேல் தவழும் காற்று நிழலில் அளந்த 40ஐவிடச் சூடாக இருப்பதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஃபார்முலா 1 கார்களில் குளிர்விப்பு நீரை அழுத்தத்தில் அடைத்து 100 டிகிரிக்கு மேலேயே ஓட்டுவது இதே கணக்கின் மறுபக்கம்: நீர் சூடாக இருந்தால் ரேடியேட்டர் சிறியதாக இருக்கலாம், காற்றின் எதிர்ப்பும் குறையும். ஆகவே வெயில் ஊர்க்காரர் தேட வேண்டியது குறைந்த எண்ணை அல்ல, கூடுதல் குளிர்விப்புத் திறனை.

இனி, முடிந்தாலும் ஏன் 71இல் ஓட்டக் கூடாது என்பதற்கு வருகிறேன். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று ஈ.சி.யூ. நினைக்கும் வரை அது பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத கார் நான்குவழிச் சாலையில் திருமங்கலம் நோக்கிச் சீரான வேகத்தில் போகும்போது, அதுவும் மார்கழி விடியற்காலையில், இந்த நிலையிலேயே நெடுநேரம் இருந்துவிடக்கூடும். ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. எரிந்த வாயுவில் உள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் படிந்து அமிலத்தோடு சேர்வதால் ரிங்குகளும் சுவரும் தேய்கின்றன. ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன்) போட்ட எஞ்சினில் இது இன்னும் முக்கியம். அந்த உலோகம் சூட்டில் அதிகம் விரியும் என்பதற்காகவே இடைவெளியைக் கூட்டி வைத்திருப்பார்கள், அந்த விரிவு நடக்காதபோது பிஸ்டன் சுவரில் தட்டிக்கொண்டே ஓடும்.

கழற்றிவிடுவதில் இதற்கெல்லாம் மேலாக ஒரு வேடிக்கை உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, சூடேறிய பிறகு, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை மூடி, கூலன்ட் முழுவதையும் ரேடியேட்டருக்குத் திருப்பிவிடும். தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வண்டி ஹீட் ஆகிறது என்று கழற்றியவர், அதனாலேயே வண்டி ஹீட் ஆவதைப் பார்ப்பார்.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது நாக்கிங். எரிப்பறையின் சுவர் சூடாகச் சூடாக, பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும் வாய்ப்பு (அதுதான் நாக்கிங்) கூடுகிறது, ஈ.சி.யூ. அதைக் கேட்டதும் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கிறது, இழுவை குறைகிறது. நம் பங்குகளில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பிரீமியம் பெட்ரோலைவிடக் குறைவு என்பதால், ரீமேப் செய்த டர்போவுக்கு இந்த விளிம்பு ஏற்கெனவே குறுகலானது. கூடுதல் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்கைப் பிடித்துக்கொள்வது தெர்மோஸ்டாட் மாற்றுவதைவிடப் பயனுள்ளது. கூலன்ட் கொதிப்பதைப் பற்றிப் பலரும் பயப்படும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை: பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 1.1 பார் மூடி சரியாக அழுத்தம் பிடிக்கும் வரை, ஏறத்தாழ 129 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடங்களில் ஆவிப்படலம் உருவாகி, சேதம் ஹெட் கேஸ்கட் வரை போகும். சில நூறு ரூபாய் மூடியை யாரும் சந்தேகிப்பதே இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் 82 டிகிரி தெர்மோஸ்டாட் தன் நியாயத்தைப் பெறுகிறது. சாலையில் காற்றோட்டம் நன்றாக இருக்கும்போது எஞ்சின் சில டிகிரி கீழே தொடங்கும், அதனால் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு நாக்கிங்கிலிருந்து சற்று இடைவெளி கிடைக்கும். கார் கம்பெனிகளே இதை அறிந்துதான் மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுகளைக் கொண்டுவந்தன, பி.எம்.டபிள்யூ. எஞ்சின்களில் மென்மையாக ஓட்டும்போது 105 டிகிரிக்கு அருகிலும், முழுச்சுமையில் அதைவிடக் கணிசமாகக் கீழும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 1990களிலேயே வந்துவிட்டது. உங்கள் காரில் அத்தகைய தெர்மோஸ்டாட் இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சாதாரண 82 போடுவது பின்னோக்கிய நடை. ரீமேப் செய்தவரிடமே அதன் அட்டவணையைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் 82 போடுங்கள், ஆனால் ஃபேன் 90 முதல் 92 டிகிரிக்குள் தொடங்குமாறு மாற்றிய பிறகு.

ஆயிலைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் கூலன்டைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில், 100 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும், அதன் பெயரில் உள்ள 30 என்ற தரமே 100 டிகிரியில்தான் அளக்கப்படுகிறது. கூலன்ட் சூடேறி வெகுநேரம் கழித்தே ஆயில் சூடேறும் என்பதால், ஆயில் 80ஐத் தொடும் வரை டர்போவை விரட்டக் கூடாது. மறுமுனையில், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது என் காரில் கூலன்ட் அசையாமல் நிற்க ஆயில் மட்டும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். குறைந்த வேகம், தாழ்ந்த கியர், இடைவிடாத பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) என்று மூன்றும் சேரும் பாதை அது. அங்கே 120ஐத் தாண்டினால் விரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கு டிராக் ஓட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஆயில் கூலர் போடுங்கள், ஆனால் தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலராக இருக்கட்டும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொன்று, தண்ணீர். ரேடியேட்டரில் குறைந்ததற்குப் போர் தண்ணீரை ஊற்றுவது இங்கே சாதாரணம். அதன் உப்பு குழாய்களுக்குள் படிந்து, புது ரேடியேட்டரையும் சில கோடைகளில் பாதியாக்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டுமே.

எதையும் வாங்குவதற்கு முன் எஞ்சின் கணினியின் எண்களைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. கருவி ஒன்றை மாட்டி உண்மையான எண்களைப் பாருங்கள். டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள், பல கார்களில் ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை அது நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உச்சி வெயிலில் நகருக்குள்ளும், பிறகு நத்தம் சாலையிலும், முடிந்தால் சிறுமலை ஏற்றத்திலும் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். நிற்கும்போது மட்டும் எண் ஏறினால் ஃபேனையும் அதன் கூண்டையும் பாருங்கள். வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. சீரான வேகத்தில் 80க்குக் கீழே இறங்கினால் இப்போதுள்ள தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. எல்லா இடத்திலும் 100க்குள் நின்றால் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள்.