ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை என்றால் என்ன? அது வானியலில் ஏன் முக்கியம்?

விண்மீன்களுக்கிடையே பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிடும், 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை இது. அணுவிலுள்ள எலக்ட்ரானின் சுழற்சித் திசை தலைகீழாக மாறும்போது வெளிப்படும் மிகச் சிறிய ஆற்றலே இந்த அலையாகிறது. ஓர் அணுவில் இம்மாற்றம் தானாக நிகழச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்றாலும், அணுக்கள் எண்ணிலடங்காதவை என்பதால் அலை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. டச்சு வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் 1944-இல் கணித்த இதனை 1951-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்கள் யூவெனும் பர்செலும் கண்டறிந்தனர்.

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் அமர்ந்திருப்பவருக்கு, வளவும் இரண்டாம் கட்டும் தாண்டி அடுப்படியில் இருப்பவரைக் காண முடியாது. ஆனால் அங்கே உரலில் இடிக்கும் ஓசை முகப்பு வரை வந்துவிடும். அவ்வாறே விண்வெளித் தூசு சாதாரண ஒளியை மறைத்தாலும், தூசுத் துகளைவிட மிக நீளமான ரேடியோ அலை அதைக் கடந்து வந்து, நம் பால்வெளியின் மறுபக்கத்தையும் காட்டிவிடுகிறது.

என்னைப் பெரிதும் வியக்கவைப்பது இதன் அடுத்த பயன்தான். பிரபஞ்சம் விரிவதால், முதல் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கிய காலத்தில் புறப்பட்ட அலை, இன்று சுமார் இரண்டு மீட்டர் அல்லது அதற்கும் மேலான நீளத்துக்கு இழுபட்டு நம்மை அடைகிறது. புணே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியும் அந்த மெல்லிய சமிக்ஞையைத் தேடியிருக்கிறது.

ரேடியோ தொலைநோக்கி விண்வெளியின் ஓசையைக் கேட்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ரேடியோ அலை ஒலியன்று, நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியே.